அறுபது கிலோமீட்டர் தப்பான புத்தகம்

என்னிடம் வழி கேளுங்கள், கடன் கேளுங்கள், முழங்கால் வலிக்குத் தைலம் கேளுங்கள். "இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கடன் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவேன், இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்டீர்களோ, அடுப்பில் வைத்துவிட்டு வந்த பால் உங்களுடையது இல்லை.

ஊரில் மற்றவர்கள் ஒரு புத்தகத்தைப் படித்து முடிப்பார்கள். கொஞ்ச நாள் மனசில் ஊறப்போடுவார்கள். கேட்டவர்களுக்கு மட்டும், "நல்லா இருந்துச்சு, கிடைச்சா படிங்க" என்பார்கள். அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. முன்னுரையைத் தாண்டி நாலு பக்கம் போனால் போதும். நம் கட்டடத்து வாட்ச்மேன் முதல் இஸ்திரிக்காரர் வரை யாருக்காவது அதைச் சிபாரிசு செய்யாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். படித்து முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசியதில்லை. அதற்குக் காரணம், படித்து முடித்தவை அவ்வளவாக இல்லை.

"ஆரம்பிச்சதையெல்லாம் முடிச்சிருந்தா நீங்க இந்நேரம் பேராசிரியர்" என்பாள் மனைவி. அவள் சொல்வது புத்தகத்தை மட்டும் இல்லை. பாத்ரூம் குழாய், பால்கனி பெயின்ட், வருமான வரிக் கணக்கு எல்லாம் அந்த வாக்கியத்துக்குள் அடக்கம்.

இந்த வியாதி சென்னையில் இருந்தால் பரவாயில்லை, தாங்குகிறவர்கள் நாலு பேர் கிடைப்பார்கள். நான் இருப்பது செகந்திராபாத்தில். இங்கே தமிழர்களுக்குக் குறைச்சல் என்று நினைக்க வேண்டாம். 1806-ல் கண்டோன்மெண்ட் வந்த காலத்திலேயே மதராஸ் பட்டாளத்தோடு நம்மவர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். சிப்பாய்கள், கான்டிராக்டர்கள், கடைக்காரர்கள். 1862-ல் இங்கே மஹபூப் கல்லூரி என்ற பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தவரே ஒரு முதலியார், சோமசுந்தரம் முதலியார். விவேகானந்தர் சிகாகோ போகும் முன், 1893 பிப்ரவரியில் அங்கேதான் மேடையேறிப் பேசினார். அவ்வளவு பழைய குடி. பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலில் நின்று "சார்!" என்று தமிழில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அந்தப் பத்துப் பேரிடமும் ஒரு தமிழ்ப் புத்தகத்தை நீட்டிப் பாருங்கள். ஒருவர் சிரிப்பார், ஒருவர் கைபேசியை எடுப்பார், ஒருவர் மட்டும் உண்மையைச் சொல்வார்: "பேசுவேன் சார். படிக்க வராது."

மெட்ரோவிலும் இதே கதை. செகந்திராபாத் ஈஸ்டில் ஏறி ஹைடெக் சிட்டி வரை போகிறவன் நான். உட்கார இடம் கிடைத்த ஒரு நாள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்ததும், பக்கத்து இளைஞன் எட்டிப் பார்த்து, "அங்கிள், நீங்க தமிழா?" என்றான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பாரடைஸ் ஸ்டேஷனிலிருந்து அமீர்பேட்டை வரை அவனுக்குக் கதையின் பின்னணி, ஆசிரியர் வாழ்க்கை, நடையின் சிறப்பு எல்லாம் எடுத்துச் சொன்னேன். கடைசியில் புத்தகத்தையே கையில் கொடுத்தேன். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட்டை சூப்பரா இருக்கு அங்கிள்" என்றான். தலைகீழாகப் பிடித்திருந்தான்.

அந்தப் புத்தகம் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. என்னைத் தெருவில் நிறுத்திய புத்தகம் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அசோகமித்திரன் எங்கள் ஊர்க்காரர். 1931-ல் செகந்திராபாத்தில் பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்து, அப்பா காலமான பிறகு 1952-ல் சென்னைக்குப் போய் ஜெமினி ஸ்டுடியோவில் சேர்ந்தவர். போனவர் ஊரைத் தலையில் சுமந்துகொண்டு போயிருக்கிறார். 1977-ல் வந்த இந்த நாவல் முழுக்கச் செகந்திராபாத்தும் ஹைதராபாத்தும்தான். லான்ஸர் பாரக்ஸ் ரயில்வே குடியிருப்பில் சந்திரசேகரன் என்று ஒரு பையன். கிரிக்கெட் பைத்தியம். வீட்டில் மாடு. வெளியே நிஜாம், ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வந்த போலீஸ் நடவடிக்கை. ஊரே நெருப்பில் நிற்கும்போது அந்தப் பையனுக்கு மாட்டைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருக்கிறது. எனக்குப் படித்தவரை அப்படித்தான் இருந்தது. படித்தவரை என்றால் எழுபதாம் பக்கம் சொச்சம்.

எழுபதாம் பக்கம் என்பது சிபாரிசு செய்வதற்கு மிகச் சரியான இடம். ஆர்வம் உச்சியில் இருக்கும், விவரம் குறைவாக இருக்கும். அடுக்ககத்தில் ஒவ்வொருவரிடமும் போய், "நம்ம செகந்திராபாத் பத்தி ஒரு நாவல் இருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் ஆர்வமாகத்தான் கேட்டார்கள். முதல் மாடிக்காரர், "எங்க தெரு வருதா?" என்றார். வந்தால் படிப்பாராம். நான்காம் மாடியில் ரியல் எஸ்டேட் செய்கிறவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "நாற்பத்தெட்டுல மாரேட்பள்ளியில கஜம் என்ன ரேட்டுன்னு போட்டிருக்காரா?" என்றார். "அதெல்லாம் இல்லைங்க, இது இலக்கியம்" என்றேன். "அப்ப நமக்கு எதுக்கு?" என்று அன்போடு கேட்டு, டீ கொடுத்து அனுப்பினார்.

எதிர் வீட்டில் இருப்பவர்தான் சர்வே சார். சர்வே ஆஃப் இந்தியாவில் இருந்து ரிட்டயர் ஆனவர், தெலுங்குக்காரர், உப்பலில் சர்வேயர்களுக்குப் பாடம் எடுத்தவர். படிக்கிற மனுஷர். அவரிடம்தான் எனக்கு அதிக நம்பிக்கை. புத்தகத்தை நீட்டி, அட்டையில் இருந்த தலைப்பைத் தெலுங்கில் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்த ஊர்க் கதை அன்னீங்க?"

"செகந்திராபாத்."

"செகந்திராபாத் எத்தனை டிகிரியில இருக்கு?"

இந்த மாதிரிக் கேள்வியைப் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு யாரும் என்னைக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டபோதும் நான் பெஞ்சுமேல்தான் நின்றேன்.

"பதினேழு டிகிரி இருபத்தாறு நிமிஷம்" என்று அவரே சொன்னார். "பதினெட்டாவது அட்சக்கோடு மெதக் டவுனுக்குக் கொஞ்சம் தெற்கே போகுது. நடுவுல முப்பத்து நாலு நிமிஷம் இருக்கு. ஒரு நிமிஷத்துக்கு ஒண்ணே முக்கால் கிலோமீட்டருக்கு மேல. கணக்குப் போட்டுக்கோங்க."

நான் போட்டுக்கொள்ளமாட்டேன் என்று அவருக்கே தெரிந்திருந்தது. "அறுபது கிலோமீட்டருக்கு மேல தப்பு" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம், ஏதோ நானே லாரி வைத்து ஊரைத் தள்ளிக்கொண்டு போய் மெதக்கில் விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"நாவல்தானே சார், ரவுண்ட் பண்ணியிருப்பார்" என்று ஆசிரியர் சார்பில் வாதாடினேன்.

"ரவுண்ட் பண்ணினா பதினேழுதானே வரும்?"

இலக்கியத்துக்காக இதற்கு மேல் யாரும் வாதாட முடியாது. நான் எழுந்தேன். அவர் விடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தார். ஜான் கே எழுதிய 'தி கிரேட் ஆர்க்'. இந்தியாவையே சங்கிலி போட்டு அளந்த கதை. "இது டிகிரி கரெக்டா இருக்கும். உங்க மெட்ராஸ்லதான் ஆரம்பிக்குது. 1802-ல லாம்டன் பரங்கிமலையில அடிக்கோடு போட்டான். படிச்சிட்டுச் சொல்லுங்க."

சிபாரிசு செய்யப் போனவன் சிபாரிசை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து காலையில் கதவைத் திறந்தால் எதிரில் அவர். "லாம்டன் எங்கே வந்திருக்கான்?" லாம்டன் பரங்கிமலையிலேயே நின்றான். அவன் நிஜாம் சீமைக்கு வந்து ஹைதராபாத்தில் தங்கியிருந்தவன், 1823-ல் வேலை நடுவிலேயே ஹிங்கன்காட்டில் செத்துப்போனவன் என்பதெல்லாம் எனக்குப் பின் அட்டையிலும் கடைசிப் பக்கங்களிலும் புரட்டித் தெரிந்துகொண்ட விஷயம். அதைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டுச் சமாளித்தேன். லாம்டன் செத்த பிறகு சரக்குத் தீர்ந்தது. அதன் பிறகு லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியில் இறங்க ஆரம்பித்தேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று வீட்டில் சொன்னேன். வீட்டில் சந்தோஷப்பட்டார்கள்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகனுக்கும் உரிய புத்தகம் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய வாசகன் கிடைக்க வேண்டும் என்பது அதில் இரண்டு. பெரிய மனுஷர், உலகமே ஏற்றுக்கொண்ட விதிகள். நூலகத்துக்குச் சரி. உரிய வாசகன் எதிர் வீட்டிலேயே குடியிருந்து, காலை ஆறு மணிக்கே பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தால் என்ன செய்வது என்று அவர் எழுதாமல் போய்விட்டார்.

என் மனைவியின் வழி வேறு. அவள் மாலையில் மொட்டை மாடிக்குப் போவாள். அங்கே தெலுங்குப் பெண்மணிகள் நாலைந்து பேர், கொத்தமல்லி ஆய்ந்தபடி. அவள் 'தில்லானா மோகனாம்பாள்' கதையைத் தெலுங்கில் சொன்னாள். முதலிலிருந்து கடைசி வரை, கல்யாணம் உட்பட, ஒன்றையும் மறைக்காமல். பதிலுக்கு அவர்கள் யத்தனபூடி சுலோசனா ராணியின் 'செக்ரட்டரி'யைச் சொன்னார்கள். அதில் வரும் ராஜசேகரத்தை நினைத்து ஒரு தலைமுறைத் தெலுங்குப் பெண்கள் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். 1976-ல் படமாக வந்தபோது நாகேஸ்வரராவ் நடித்தார். மொட்டை மாடியில் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் கொத்தமல்லி ஒரு கணம் நிற்கிறது.

"முடிவையெல்லாம் சொல்லிட்டா யார் படிப்பா?" என்று கேட்டேன்.

"முடிவு தெரியாத கதையை நம்பி யாருங்க உட்காருவா?" என்றாள்.

அவளுடைய சிபாரிசுகளுக்குக் கோங்குரா ஊறுகாய் வருகிறது, ஆவக்காய் வருகிறது, சங்கராந்திக்கு அரிசெலு வருகிறது. என்னுடைய சிபாரிசுக்கு லாம்டன் வந்தான்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஆபீஸில் ஒரு நாள் டீ குடிக்கும்போது, "தெலங்கானாவுல எழுத்தாளர்கள் யாராவது உண்டா, எனக்குத் தெரியாதே, சொல்லுங்களேன்" என்று நல்லெண்ணத்தில்தான் கேட்டேன். என் எதிரில் இருந்தவர் நல்கொண்டாக்காரர். டீயைக் கீழே வைத்தார். இதே மாதிரி முன்பு ஒருவர் தெலங்கானாவில் கவிஞர்களே கிடையாது என்று எழுதிவிட்டாராம். 'கோல்கொண்டா' பத்திரிகை நடத்திய சுரவரம் பிரதாபரெட்டிக்குக் கோபம் வந்து, 354 கவிஞர்களைத் தேடிப் பிடித்து, 1934-ல் ஒரே புத்தகமாகப் போட்டு முகத்தில் வைத்தாராம். நல்கொண்டாக்காரர் என் விஷயத்தில் கருணை காட்டினார். மறுநாள் ஒரே ஒரு புத்தகம்தான் கொண்டுவந்தார். தாசரதி ரங்காசார்யாவின் 'சில்லர தேவுள்ளு'. தெலுங்கில்.

எனக்குத் தெலுங்கு பேச வரும். படிப்பது என்றால் பஸ் போர்டு வரை. அதுவும் பஸ் நின்றுகொண்டிருந்தால்.

இந்த ஊரில் புத்தகம் கொடுத்து வாங்குவது ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்று யோசித்தால் எனக்கே என் மேல் வெட்கம் வரும். நிஜாம் ஆட்சியில் உருதுதான் கோலோச்சியது. தெலுங்குப் புத்தகத்துக்கு ஒரு இடம் வேண்டும் என்று சிலர் கூடி 1901-ல் ஸ்ரீ கிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையத்தை ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் சுல்தான் பஜாரில் இருக்கிறது. ஆரம்பித்த இடம் ஒருவருடைய வீடு. இந்தத் தகவலை மட்டும் எங்கள் வீட்டில் நான் சொல்லவில்லை. ஹாலில் ஏற்கெனவே ஷோகேஸுக்கும் சோபாவுக்கும் நடுவே மனைவி ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருக்கிறது.

அந்த இட நெருக்கடிக்குக் காரணம் ஆபிட்ஸ். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்க, நடைபாதை முழுக்கப் பழைய புத்தகம் விரித்திருப்பார்கள். ஆங்கிலம், தெலுங்கு, இந்தி, உருது, ஐ.ஏ.எஸ். கைடு, என்றோ மாறிப்போன சட்டத்தின் விளக்கவுரை. தமிழ் கண்ணில் படுவது அபூர்வம். நான் அங்கே போவது வாங்க மட்டும் இல்லை. பல வருஷமாக நான் வற்புறுத்திக் கையில் திணித்துக் கொடுத்து, திரும்பி வராத புத்தகங்கள் அந்த விரிப்பில் எங்காவது கிடக்கிறதா என்று தேடுவேன். ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. வாங்கிப் போனவர்கள் விற்றிருந்தால், ஏதோ தூசி தட்டினார்களே என்று ஒரு ஆறுதல் இருந்திருக்கும். விற்பதற்குக்கூட அவற்றை யாரும் எடுக்கவில்லை.

ஆபிட்ஸ் வியாபாரிக்கு நான் செய்கிற காரியம் சுலபமாக வருகிறது. நான் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் என் முகத்தைப் பார்ப்பார். "லேலோ சாப், மஸ்த் கிதாப் ஹை" என்பார். அவர் படித்தாரா என்று நான் கேட்பதில்லை, என்னைப் போல்தான் இருக்கும். முகத்தில் ஆசை தெரிந்துவிட்டால் விலை ஏறும். "மூஞ்சியை உம்முனு வச்சுக்கிட்டு நில்லுங்க" என்று மனைவி சொல்லி அனுப்புவாள். உம்மென்று வைத்துக்கொண்டு நின்றேன். "தபியத் டீக் நஹி க்யா சாப்?" என்று விசாரித்து, உட்கார ஸ்டூல் போட்டு, தண்ணீர் கொடுத்து, அதே விலைக்கு விற்றார்.

டிசம்பரில் புத்தகக் கண்காட்சி வரும், என்.டி.ஆர். ஸ்டேடியத்தில். போன தடவை ஒரு ஸ்டாலில் ஒரு கணவன் மனைவி எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அலமாரி அலமாரியாக அழைத்துப் போய் இது ஏன் நல்லது, அது ஏன் அதைவிட நல்லது என்று விளக்கினேன். மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். முடிந்ததும் அந்த அம்மாள், "டிஸ்கவுண்ட் எந்தண்டி?" என்றாள். நான் கடைக்காரன் இல்லை என்றதும் அவள் முகத்தில் வந்த மாற்றத்தை விவரிக்க விரும்பவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டில் ஒரு வாசகனை உருவாக்கிவிட்டால் வெளியே அலைய வேண்டாம் என்று பையனைப் பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவனுக்கு இரண்டாம் மொழி தெலுங்கு. தமிழ் எழுத்தில் 'அ' போடச் சொன்னால் படம் வரைவது போல யோசிப்பான். '18வது அட்சக்கோடு' பற்றி இரண்டு சாப்பாட்டு வேளை பேசினேன். மூன்றாவது வேளை அவன், "இங்கிலீஷ்ல இருக்காப்பா?" என்றான். இருக்கிறது. கோமதி நாராயணன் மொழிபெயர்த்திருக்கிறார். காலேஜ் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்து இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டான். நான் எழுபதில் இருந்து நகரவில்லை.

"செமையா இருக்குப்பா. அந்த கடைசி சாப்டர்..." என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்தான். "நீ இன்னும் முடிக்கலையா?"

"நிதானமா ரசிச்சுப் படிக்கிறேன்டா."

"ஓகேப்பா, நான் சொல்லலை" என்றான். சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அதற்குப் பிறகு நான் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இந்தப் பச்சைக் குழந்தைக்கு என்ன காத்திருக்கிறதோ என்கிற பரிவோடு என்னைப் பார்க்கிறான். அவன் படித்த பிரதியை எதிர் வீட்டு சர்வே சாருக்கும் கொடுத்துவிட்டான். நான் மாதக்கணக்கில் கெஞ்சியும் தொடாதவர், பையன் "நல்லா இருக்கு அங்கிள்" என்று ஒரே வார்த்தை சொன்னதும் வாங்கிக்கொண்டார்.

இப்படி இருக்கும்போது ஏப்ரல் வந்தது, போர்வெல் வற்றியது, அசோசியேஷன் மீட்டிங் போட்டார்கள். டேங்கர் செலவை எப்படிப் பிரிப்பது என்று காரசாரமாகப் போய்க்கொண்டிருந்தது. குடும்பத்துக்கு இவ்வளவா, ஆளுக்கு இவ்வளவா, வாஷிங் மெஷினுக்குத் தனியா? எனக்கு உள்ளே ஏதோ கிளம்பியது. எழுந்தேன். "இந்த நேரத்துல நாம எல்லாரும் ஒரு புத்தகம் படிக்கணும். 1973-ல வந்தது. அசோகமித்திரனோட 'தண்ணீர்'. மெட்ராஸ்ல தண்ணி இல்லாம ஒரு தெருவே படற பாடு. ஜமுனா, சாயான்னு அக்கா தங்கச்சி..."

அறையில் ஒருவர் இருமினார். செயலாளர் நோட்டுப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, "சாருக்கு மெட்ராஸ் தண்ணிப் பிரச்சினையில அனுபவம் இருக்கு" என்று எல்லோருக்கும் தெலுங்கில் எடுத்துச் சொன்னார். கைதட்டினார்கள். டேங்கர் புக் செய்வது, காலையில் எதிர்கொண்டு அழைப்பது, சம்ப் நிறையும் வரை கூட இருப்பது ஆகிய பொறுப்புகள் ஒருமனதாக என்னிடம் ஒப்படைக்கப்பட்டன. வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "அந்தப் புத்தகத்தையாவது முடிச்சீங்களா?" என்றாள். வாட்டர் டேங்கர் பொறுப்பாளரிடம் கேட்கிற கேள்வியா இது?

டேங்கர் விடியற்காலை ஐந்து மணிக்கு வரும். டிரைவர் குழாயைச் சம்பில் விட்டுவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டு ஓரமாகப் போய்விடுவார். தண்ணீர் நிறைய அரை மணி நேரம். தெருவிளக்கு நல்ல வெளிச்சம். பேச ஆள் கிடையாது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் படிக்க நேரமும் இடமும் கிடைத்தது. எழுபது தொண்ணூறு ஆனது, தொண்ணூறு நூற்றைம்பது ஆனது. கோடை ஏற ஏற டேங்கர் கூடியது, பக்கமும் கூடியது. ஒரு நாள் விடிகாலையில், நம்பமாட்டீர்கள், கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். ஊரில் கலவரம், சந்திரசேகரன் ஓடுகிறான். எனக்கு மூச்சு வாங்குகிறது.

தோளுக்குப் பின்னால் ஒரு குரல். வாக்கிங் முடித்துவிட்டு வந்த சர்வே சார். குனிந்து பக்கத்தைப் பார்த்தார். எழுத்துத் தெரியாது, ஆனால் இடது பக்கம் தடிமனாகவும் வலது பக்கம் மெலிதாகவும் இருந்ததிலிருந்தே அளந்துவிட்டார்.

"ஓ, அந்த இடமா? இப்ப அந்த வீட்டுக்குள்ள குதிப்பான் பாருங்க, அப்புறம்..." என்று ஆரம்பித்து, நான் கையை ஆட்டி, தலையை ஆட்டி, "ஒத்து சார், ஒத்து சார்" என்று கெஞ்சக் கெஞ்ச, கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தார். முடித்துவிட்டு, "கத பர்வாலேது. டைட்டில்தான் தப்பு" என்றார்.

அப்போதுதான் கால் நனைந்தது. சம்ப் எப்போதோ நிறைந்து வழிந்து, தண்ணீர் கேட்டைத் தாண்டித் தெருவில் போய்க்கொண்டிருந்தது. ரியல் எஸ்டேட்காரருடைய காருக்கு அடியில் ஒரு சின்ன ஏரி. டிரைவர் பீடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். நான் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் லிஃப்ட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. டேங்கர் நேரத்தில் சம்ப் அருகே யாரும் புத்தகத்துடன் வரக்கூடாது. முன்மொழிந்தவர் சர்வே சார். வழிமொழிந்தவர் என்ற இடத்தில் இருந்த கையெழுத்தை நான் கண்ணாடி போடாமலே கண்டுபிடித்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து பால் கணக்கு நோட்டில் பார்த்துவரும் கையெழுத்து.